நூறாவது ஹவுஸ்ஃபுல்

மாடி வீட்டுப் பையன் போன வாரம் உள்ளங்கையில் ரத்தத்தோடு வந்து நின்றான். அவனுடைய அபிமான நடிகரின் கோடைப் படம் எத்தனை கோடி வசூல் என்பதில் சிநேகிதனோடு தகராறு. கோபத்தில் செல்போனைச் சுவரில் அடித்திருக்கிறான், கண்ணாடி கிழித்துவிட்டது. சுவர் என்னடா பாவம் செய்தது என்று கேட்டுக்கொண்டே டிங்சர் போட்டேன். அவன் துள்ளிய துள்ளலைப் பார்த்தால் கையே போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள்.

டிங்சர் நெடி எனக்கு ஆஸ்பத்திரி நெடி இல்லை, டிக்கெட் கவுன்டர் நெடி. அறுபதுகளின் கடைசியில் ஒரு விநியோகஸ்தரிடம் ரெப்பாக இருந்தேன். படப்பெட்டியோடு கூடவே போய், தியேட்டர்காரர் வசூலைக் குறைத்துக் காட்டாமல் காவல் காக்கிற வேலை. காவல்காரனின் உடம்போ ஈர்க்குச்சி. ஒரு கோடையில் என்னை ராயபுரத்தில் ஒரு தியேட்டருக்கு அனுப்பினார்கள்.

டிக்கெட் வரிசை என்றதும் ஒழுங்காக ஆட்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல் கம்பிவலை, ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு வருவார்கள். பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனின் தோளில் ஏறி, தலைகளின் மேலே ஊர்ந்து வந்து கவுன்டர் ஓட்டைக்குள் கையை விடுவான். ஒரே ஓட்டையில் நாலைந்து கைகள். மணிக்கட்டுத் தோல் உரிந்திருக்கும். புக்கிங் கிளார்க் எச்சில் காசை வாங்கிக்கொண்டு, டிக்கெட்டைத் திணித்து, மேலே இரண்டு சொட்டு டிங்சரும் விடுவார். வெளியே அலறல் கேட்கும். எங்களுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

அப்போது வசூல் கணக்கெல்லாம் ரசிகனுக்கு எட்டாது. அவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கு, வாசலில் தொங்கும் ஹவுஸ்ஃபுல் போர்டு. ஒரு காட்சிகூட விடாமல் நூறு காட்சிக்குத் தொங்கினால் பேப்பரில் விளம்பரம் வரும். நடிகர்களின் பெயரைச் சொல்லமாட்டேன், இந்த வயதில் அடி தாங்காது. எங்கள் படத்து நடிகரின் மன்றத் தலைவன் தேசப்பன், கட்டுமரத்தில் போகிறவன். எதிரி நடிகரின் மன்றத் தலைவன் லாசர், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன். இருவரும் ஒரே தெரு. இருவருக்கும் நல்ல மீசை.

படம் வெளியான அன்று தியேட்டர் எதிரே டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள்.

“நூறு ஷோ ஃபுல்லாச்சின்னா அரை மீசைய எடுத்துக்கினு உன் முன்னால வந்து நிக்கறேன்டா” என்றான் லாசர். “ஆவலேன்னா நீ எடுக்கணும். துட்ட கொட்டி டிக்கெட்ட கிழிச்சா செல்லாது. ஆளு உள்ள குந்தணும்.”

“குந்துவான்டா” என்றான் தேசப்பன்.

அதன்பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் வாசலில் நின்று, போர்டு ஏறியதும் போய்விடுவான். படம் எப்படிப்பா என்று ஒருநாள் கேட்டேன். “எவன் பாத்தான் நைனா? நூறு முடியட்டும், பொஞ்சாதியோட வந்து பாக்கறேன்” என்றான். தினமும் பார்த்துத் தொலைத்த எனக்கு, அவன் ஒன்றும் இழக்கவில்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

நூறாவது காட்சி ஒரு மேட்னி. கத்திரி வெயில். சந்து நிரம்பி வழியும்போது லாசரின் ஆட்கள் சைக்கிள் செயினோடு பின்பக்கமாகப் புகுந்தார்கள். சந்துக்குள் ஓட வழி ஏது? ஓட்டைக்குள் நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. செயின் சுற்றிய முஷ்டி ஒன்று வந்துபோனது. டிக்கெட் கட்டின்மேல் ரத்தம் தெறித்தது. சோடா பாட்டில்கள் உடைந்தன. கிளார்க் மேஜைக்கடியில் பதுங்கினார், எனக்கு மேலே. அவருக்கு முன்பே நான் அங்கே போயிருந்தேன்.

சத்தம் அடங்கி எட்டிப் பார்த்தால் கூட்டமே இல்லை. பாதி டிக்கெட் அப்படியே கிடந்தது.

தேசப்பனின் காது கிழிந்து தொங்கியது. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். வலை பின்னுகிறவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், சாவுக்குப் போய்த் திரும்பியவர்கள், கண்ணில் பட்ட எவரையும் விடவில்லை. மாட்டேன் என்றவனுக்குக் கன்னத்தில் விழுந்தது. மண்டை உடைந்து பிளாட்பாரத்தில் கிடந்த லாசரின் ஆட்களையே மயிரைப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளினான். லாசர் வாசலில் கைகட்டி நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. ஆள் என்றால் ஆள்தான், அதில் அவன் நியாயஸ்தன்.

கடைசியில் ஒரு பெஞ்சு டிக்கெட் மிச்சம். தெருவில் ஈ காக்கை இல்லை. லாசர் மீசையைத் தடவினான்.

தேசப்பன் ஓட்டைக்குள் கையை நீட்டினான். “ஒண்ணு குடு நைனா.”

“யாருக்குப்பா?”

“எனக்குத்தான். நானும் ஆளுதான?”

லாசரின் முகம் செத்துவிட்டது. நான் பார்த்தது தேசப்பனின் துண்டை. சிவப்பாக நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன்.

“பாட்டில்ல லாசரு ஒரு இழு இழுத்தான். கீறலு நைனா, பேஜாரு பண்ணாத. படம் முடியட்டும் போறேன்.” வாரம் ஒரு தையல் போட்டுக்கொள்கிற ஆட்கள் அவர்கள். நானும் நம்பினேன்.

போர்டு ஏறியது. லாசர் அதைப் பார்த்தான். நேரே சலூனுக்குப் போய் அரை மீசையோடு திரும்பினான். யாரும் சிரிக்கவில்லை. நிழலுக்கு வா என்றேன். “வேணாம். அவன் வெளிய வந்ததும் மொதல்ல என்னிய பாக்கணும்ல?” என்றான். காட்சி முடியும்வரை வெயிலிலேயே நின்றான்.

மணி அடித்தது. எல்லோரும் வந்தார்கள், தேசப்பன் வரவில்லை. டார்ச் அடிக்கிறவன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். லாசர் உள்ளே பாய்ந்து, மூட்டை தூக்கும் தோளில் அவனைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடினான். உயிர் எப்போதோ போய்விட்டது என்றார் டாக்டர். லாசர் படிக்கட்டில் உட்கார்ந்து, மிச்சமிருந்த அரை மீசையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போலீஸ் வந்தபோது வாயெல்லாம் ரத்தம்.

தியேட்டரை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஜெயிலுக்குப் போன லாசர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. படத்தின் பிரின்ட்டுகளை வெள்ளி எடுப்பதற்காக உருக்கிவிட்டார்கள், நெகட்டிவும் இல்லையாம். இனி யாரும் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. தேசப்பன் எதுவரைக்கும் பார்த்தான் என்பதும் தெரியாது.