தண்ணிக்குக் கிட்டத்தான் நிற்குது

நாளைக்கு என்ன நடக்கும் என்று ஊரில் எவருக்கும் தெரியாமல் இருக்கலாம். குறி சொல்லுகிறவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாது. மழை வருமோ, பெடியன் பாஸ் பண்ணுவானோ, காணாமல் போன சாமான் திரும்புமோ என்று வீட்டிலும் வெளியிலும் கேட்கப்பட்டு முழிக்கிற என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நெடுங்கேணியில் எனக்கு முக்காலமும் தெரியும் என்று பெயர். அந்தப் பெயர் வந்த வழியை என் மனுசிக்குக்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

எந்தப் பக்கம்?

நான் உண்மையில் மாட்டுக்குக் குறி சுடுகிறவன். எங்கள் மாடுகள் காட்டில் அவிழ்த்துவிட்டபடி மேய்கிறவை. அதனால் சொந்தக்காரரின் எழுத்தைக் கம்பி காய்ச்சி மாட்டின் தொடையில் சுட்டுவிடுவோம். வழிதவறி வந்த மாட்டின் எழுத்தையும், அது எந்தப் பக்கம் என்பதையும் சொன்னால், யாருடைய மாடு என்று நான் சொல்லிவிடுவேன். ஆகவே ஊரில் என்னைக் ‘குறி சொல்லுற செல்லத்துரை’ என்பார்கள். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து வாய்க்கால் காணியில் குடியேறிய பரமேஸ்வரிக்கு இது தெரியாது. அங்கே மாட்டைக் கட்டி வளர்ப்பார்கள். குறி என்றால் அவர்களுக்குக் கோயிலில் சாமி உருவந்து சொல்லுகிற குறிதான். ஒருநாள் காலமை வெற்றிலை, பாக்கு, தேசிக்காய், கற்பூரத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

“குறி சொல்லுற அண்ணை வீடு இதுதானோ? எங்கட பசுவை ரெண்டு நாளாக் காணேல்லை.”

“ஓம், இருங்கோ. என்ன எழுத்து?”

“ப. பரமேஸ்வரி.”

“எந்தப் பக்கம்? இடதோ, வலதோ?”

“இடதுதான் அண்ணை. விடியத் தொட்டு இடக்கண் துடிச்சபடி கிடக்குது.”

அவள் கற்பூரத்தைக் கொளுத்திய பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் என் முன்னால் ஒருவர் கற்பூரம் கொளுத்தியது அதுதான் முதல் தடவை. அந்தச் சுகம் பட்டவனுக்குத்தான் தெரியும். அன்று விடியக் குளக்கட்டடியில் குறியே இல்லாத சிவத்தப் பசு ஒன்றைக் கண்டிருந்தேன். எங்கள் வன்னியில் குறி இல்லாமல் ஒரு மாடு நிற்குமென்றால் அது யாழ்ப்பாணத்தார் மாடுதான். கண்ணை மூடி, “சிவத்தப் பசு. தண்ணிக்குக் கிட்டத்தான் நிற்குது” என்றேன். அவள் கைகூப்பியபடி எழும்பிவிட்டாள். “ஐயோ அண்ணை, நான் இன்னும் நிறம் சொல்லேல்லையே!”

காதில் விழுந்தது

‘தண்ணிக்குக் கிட்ட’ என்பதைப் பிறகு நான் விடவேயில்லை. குளத்துக்கோ வாய்க்காலுக்கோ கடலுக்கோ கிட்ட இல்லாத இடம் எங்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது? மாடு, ஆடு, மோட்டார்சைக்கிள், ஒருமுறை ஒரு மாப்பிள்ளை, எல்லாம் தண்ணிக்குக் கிட்டத்தான் அகப்பட்டன. முல்லைத்தீவில் நெல் வியாபாரம் செய்கிற ஹனீபா நானாவும் ஒருநாள் வந்தார். “குறி கேக்க வரேல்லை அண்ணன், சும்மா கதைக்க வந்தனான்” என்று தொடங்கி, தேத்தண்ணி குடித்து, நெல் விலை கதைத்து, கடைசியில் தன் எருமைக்கடா காணாமல் போன துயரத்தைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். நானும் சுவரைப் பார்த்தே, “தண்ணிக்குக் கிட்டத்தான் நிற்கும்” என்றேன். எருமை வேறெங்கே போய் நிற்கும்? மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். “எங்கட மார்க்கத்தில குறி கேக்கக் கூடாது அண்ணன். அதால நான் கேக்கேல்லை. நீங்களாச் சொன்னீங்க, எனக்குக் காது கேட்டுப்போச்சு.”

முழங்கால்

தவறியதும் உண்டு. மழையைச் சொல்லுவது என் இடது முழங்கால்; மழைக்கு முன்னால் உளைந்து கடிக்கும். ஒருமுறை அது கடித்த கடியைக் கேள்விப்பட்டே குளத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். நம்பாதவர்கள் முழங்காலை வந்து பார்க்கலாம். அந்த நம்பிக்கையில் ஒரு கலியாணத்துக்கு “துளி விழாது” என்று சொல்லிவிட்டேன். தாலி கட்டுகிற நேரம் பந்தலே மிதந்தது. பெண்ணின் தகப்பன் நனைந்த சால்வையைப் பிழிந்தபடி என்னிடம் வந்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். “நீங்கள் சொன்னது சரிதான் அண்ணை, துளி விழேல்லை. குடம் குடமாத்தான் விழுந்தது.”

விரிச்சி

என் பெயர் பரவப் பரவ, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் சிவபாதம் மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்போது பரமேஸ்வரியும் அங்கே இருந்தாள். அந்தச் சிவத்தப் பசுவை வாங்கிக் கொடுத்த அவளுடைய மகன் ரமணன் வெளிநாட்டுக்கென்று போய், ஏழு மாதமாகத் தொலைபேசி அழைப்பு இல்லை. உயிரோடு இருக்கிறானோ என்பதைத்தான் கேட்க வந்திருந்தாள். நான் அவளுக்கு மூன்றாவது தடவையாகத் தேத்தண்ணி கொடுத்து நழுவிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கதிரையில் இருந்ததும் பாடத்தைத் தொடங்கினார். பழைய காலத்தில் போருக்குப் போனவன் திரும்புவானோ என்று அறிய, நெல்லும் பூவும் தூவிவிட்டு ஊர்ப்புறத்தில் காத்து நிற்பார்களாம். வழியில் போகிற யாரோ தன் பாட்டில் சொல்லுகிற சொல்தான் வாக்கு. அதற்கு விரிச்சி என்று பெயராம்.

“மாட்டுக்காரர் சொன்னாலும் வாக்குத்தானோ மாஸ்டர்?” என்று அவரை மடக்கப் பார்த்தேன்.

மாஸ்டர் பரமேஸ்வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “வாக்குத்தான் செல்லத்துரை. ஆனா தான் சொன்னதை ஒரு தாய் பிடிச்சுக்கொண்டு நிப்பாள் எண்டு வழியில போறவனுக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்.”

எழுத்து இல்லாத பிள்ளை

மாஸ்டர் போனதும் நான் உண்மையை அவிழ்த்தேன். “தங்கச்சி, நான் மாட்டுக் குறி பாக்கிறவன். உங்கட பசுவை அண்டைக்கு விடியக் கண்ணால கண்டனான்.” கோபிப்பாள் என்று பார்த்தால், “அது ஊருக்குப் பழகின பிறகு எனக்கும் தெரியும் அண்ணை” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இவனுக்கும் ஒரு எழுத்துச் சுட்டு விட்டிருந்தா, கண்ட ஆரும் இன்னாற்ற பிள்ளையெண்டு சொல்லியிருப்பினம்” என்றாள்.

மாடு தேடுகிறவனுக்கு ஒரு முறை உண்டு: காணாமல் போன மாட்டைத் தேடாதே, அதோடு சேர்ந்து மேய்ந்த மாட்டைத் தேடு.

“கூடப் போனது ஆர்?”

“பூநகரிப் பெடியன் ஒருத்தன், சுதன். தாய் கருவாடு விக்கிறவாவாம். விலாசம் ஒண்டும் தெரியாது அண்ணை.”

அடுத்த நாள் மனுசியிடம் கிளிநொச்சியில் கண் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று பஸ் மாறிப் பூநகரி போனேன். கருவாட்டு மணத்தைப் பிடித்துக்கொண்டே போனேன் என்பது மட்டும் இந்தக் கட்டுரையில் பொய் இல்லை. நாலாவது வீட்டில் சுதனின் தாய் இருந்தா. இரண்டு பெடியளும் போகிற வழியில் பிடிபட்டு ஒரு தீவு அகதி முகாமில் சுகமாக இருந்தார்கள். “என்ர மகன் வெள்ளிக்கு வெள்ளி போன் எடுக்கிறவன். மற்றவனுக்கு வெக்கம். வெறுங்கையோட நிண்டு அம்மாவோட என்னத்தைக் கதைக்கிறதெண்டு கேக்கிறானாம்” என்றா. பரமேஸ்வரியின் நம்பரை எழுதிக் கொடுத்து, “வாற வெள்ளி அவனை இழுத்துப் பிடிச்சு இந்த நம்பருக்கு எடுப்பிக்கச் சொல்லுங்கோ” என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

நெடுங்கேணியில் இறங்கியதும் நேரே பரமேஸ்வரி வீட்டுக்குப் போனேன். ‘பூநகரி போனேன்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை அவன் வெட்கப்பட்டு எடுக்காவிட்டால்? மகன் வேண்டாமென்று ஒளிக்கிறான் என்ற பாரம் அவளுக்கு எதற்கு? பிழையாய்ப் போனால் பழி என் குறியோடு போகட்டும் என்று கண்ணை மூடினேன். “பிள்ளை தண்ணிக்குக் கிட்டத்தான் நிற்கிறான். உயிருக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை போன் வரும்.” அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சரி அண்ணை” என்று மட்டும் சொன்னாள்.

அந்த நாலு நாளும் என் முழங்கால் கடித்த கடியில் வன்னி முழுக்க வெள்ளம் வந்திருக்க வேண்டும், வெயில்தான் எறித்தது. சனிக்கிழமை காலமை, அந்தச் சிவத்தப் பசுவின் தயிரை ஒரு சட்டியில் தூக்கிக்கொண்டு பரமேஸ்வரி வந்தாள். அழுது வீங்கிய கண், சிரிக்கிற வாய். சட்டியை என் கையில் வைத்தாள். “ஒரு மணித்தியாலம் கதைச்சவன் அண்ணை. தீவிலதான் நிற்கிறானாம், சுத்திவரத் தண்ணியாம். ஆனா ஒண்டு, அண்டைக்கு உங்கட சேட்டுப் பொக்கற்றில பூநகரி பஸ் ரிக்கற் எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது. அதைக் கண்டபடியால்தான் நீங்கள் சொன்னதை நம்பினனான்.”

ஆக, இத்தனை வருடக் குறியில் நான் கண்ட முக்காலமும் இவ்வளவுதான்: நடந்ததை மாட்டின் தொடை சொல்லும், நடக்கிறதை வந்தவரின் வாய் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லத்தான் மூன்று பஸ் மாற வேண்டியிருக்கிறது.