சேதுபதியின் ஒயர் இல்லாத மவுஸ்

ஒயர் இல்லாத மவுஸ் என்றாலே எனக்கு ஆகாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளக்ஸ், போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர் அப்துல் சுக்கூர். பாய் கடை என்று கேட்டாலே வழி சொல்லிவிடுவார்கள். கடையில் டிசைன் செய்யும் இரண்டு பெண்களும் கெஞ்சிக் கேட்கிறார்களே என்று ஆளுக்கொரு ஒயர் இல்லாத மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் செருகுவதற்குச் சுண்டைக்காய் அளவில் ஒரு ரிசீவர் அதோடு வரும். மேஜையைத் துடைத்தபோது இரண்டையும் மாற்றிச் செருகிவிட்டார்கள். பவித்ரா தன் மவுஸை நகர்த்தினால் கௌசல்யாவின் திரையில் மாப்பிள்ளை தலை நகர்ந்தது. கௌசல்யா அதைத் திருத்தப் போனால் பவித்ராவின் திரையில் காதணி விழா அழிந்தது. கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று இருவரும் அலறி, பாதி நாள் பாழ். அடுத்த வாரம் மவுஸில் இருந்த பேட்டரியைக் காணோம். சுவர்க் கடிகாரம் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே இரண்டையும் தூக்கி மூலையில் போட்டுவிட்டு ஒயர் வைத்த பழைய மவுஸை மாட்டினேன். அதற்கு பேட்டரி தீராது. காணாமல் போகாது. யாரும் மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. இப்படிப் பேசுகிற நானே கடைத்தெருவில் அலைந்து நல்லதாகப் பார்த்து ஒயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டு மேட்டுப்பட்டிக்குப் போனேன் என்றால், அது சேதுபதிக்காக.

சேதுபதி சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் மினி வேன் ஓட்டியவன். வண்டி ஓட்டம் இல்லாத நாளில் மிளகு பறிக்கப் போவான். மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறிப் போகும். மூங்கில் ஏணியைச் சாத்தித்தான் பறிக்க வேண்டும். ஒரு தை மாதம் அந்த ஏணி வழுக்கியது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, உணர்ச்சியும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

கட்டிலில் கிடந்தபடியே அவன் போனில் டிசைன் பழகினான். சினேகிதன் மகள் காதுகுத்துக்கு அவன் செய்த டிசைனை அடிப்பதற்காக என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுத்துகளுக்கு நடுவில் இடம் விட்டிருந்தான்! எங்கள் தொழிலில் இடம் கிடைத்தால் அங்கே ஒரு தாய்மாமன் படத்தை வைத்துவிடுவார்கள். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். ஆள் கட்டிலில் கிடப்பான் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவனோ, "பரிதாபப்பட்டு வேல குடுக்குறதுன்னா வேணாம் பாய். நல்லாருக்குன்னா குடுங்க" என்றான். நன்றாக இருந்ததால்தான் கொடுத்தேன். இன்றைக்கு என் கடையின் பாதி டிசைன் அந்தக் கட்டிலிலிருந்துதான் வருகிறது.

முதலில் அவனுக்கு நான் கொடுத்த கம்ப்யூட்டரில் இருந்தது ஒயர் வைத்த மவுஸ். ஒரு நாள் அவன் மனைவி கனகா ஆத்தூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாள். சேதுபதி நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறான். மவுஸின் ஒயர் சுருண்டு அவன் தொடைக்கு அடியில் போனது அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? சாயங்காலம் கனகா வந்து புரட்டிப் பார்த்தபோது ஒயர் பதிந்த தடம் கருஞ்சிவப்பாக இருந்தது. தடம் புண்ணானது. நமக்கென்றால் உறுத்தும், நகர்ந்து உட்காருவோம், தடமும் மறைந்துவிடும். இவனைப் போல் கிடப்பவர்களுக்குப் படுக்கைப் புண் உயிருக்கே உலை வைக்கும். மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங் நடந்தது. கட்டுப்போட வந்த நர்ஸ், படுக்கையில் ஒயர் என்று ஒன்று இருக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் நான் ஒயர் இல்லாததை வாங்கிக்கொண்டு ஓடினேன். கையில் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டிய அவுத்துவிட்டாப்ல இருக்கு பாய்" என்று சிரித்தான். குறை இல்லாமல் இல்லை. விரிப்பின்மேல் வைத்தால் நகராது. ஒரு பலகையில் மவுஸ் பேடை டபுள் சைடு டேப்பால் ஒட்டி மடியில் வைத்துக்கொண்டான். வேலை மும்முரமாக ஓடும்போது பேட்டரி தீரும். சார்ஜ் ஏற்றிய பேட்டரிகளைத் தலைமாட்டில் ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டான். சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

புண் ஆறியது. கனகாவுக்குத்தான் ஆறவில்லை. கல்யாணத்துக்குப் போனதே தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டாள். மில் வேலைக்குப் போனவள், சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசிய வாய்க்காரி, அதற்குப் பிறகு ரேஷன் கடையைத் தாண்டிப் போனதில்லை. நான் போகும்போதெல்லாம் கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பாள். சேதுபதி என்னிடம் ஒரு தடவை மனம் விட்டுச் சொன்னான். "எனக்கு இடுப்புக்குக் கீழதேன் போச்சு பாய். அவளுக்கு என்னால பூராவுமே போகுது."

ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்கு ஆள் கேட்டபோது, தெரிந்தவர்களிடம் பேசி அவளுக்கு அந்த வேலையை வாங்கியது அவன்தான். அவள் முடியாது என்று ஒரே பிடியாக நின்றாள். இவன் சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில் அவள் இறங்கிவந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"ஒரு வாரம் போயிப் பாக்குறேன். அதுக்குள்ள ஒரு நா, ஒரே ஒரு நா, ஏதாச்சும் முடியாமப் போயி நீங்க இன்னொருத்தரக் கூப்பிட்டீகன்னு தெரிஞ்சுச்சு, அன்னைக்கே நின்னுருவேன்."

"சரி" என்றான் சேதுபதி. நான் அப்போது அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேலைக்குப் போன மூன்றாம் நாள், நாகல்நகரில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக அவர் மகன் வந்து என் கடையில் உட்கார்ந்துவிட்டார். படத்தையும் பெயர்களையும் காலையிலேயே சேதுபதிக்கு அனுப்பியிருந்தேன். இந்த மாதிரி வேலையை அவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். மதியம் ஆகியும் வரவில்லை. போன் போட்டேன்.

"செத்த நேரம் பாய். வேகமா வராது. ஆனா வந்துரும்."

"ஏன்டா வேகமா வராது?"

போனை வைத்துவிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இறந்தவர் மகன் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பட்டிக்குப் போனேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டே உள்ளே நுழைந்தேன்.

மவுஸ் கட்டிலுக்குக் கீழே மல்லாந்து கிடந்தது. அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சேதுபதி என்னைத் திரும்பிப் பார்க்காமல் கீபோர்டின் வலது பக்கத்து நம்பர் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான். திரையில் அம்புக்குறி அதற்கேற்ப மெதுவாக ஊர்ந்தது. மவுஸ் இல்லாமலே அம்புக்குறியை நகர்த்த அப்படி ஒரு வசதி கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். இத்தனை வருடம் கடை நடத்துகிறேன், எனக்குத் தெரியாது. அவனுக்கும் அன்று காலை வரைக்கும் தெரியாது. மவுஸ் விழுந்த பிறகு போனில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒயர் வைத்த மவுஸ் விழுந்தால் ஒயரைப் பிடித்து இழுத்தால் மேலே வந்துவிடும். இது விழுந்தால் விழுந்ததுதான். இத்தனை நாளும் கனகா கூடவே இருந்து எடுத்துக் கொடுத்ததால் எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை.

நான் குனிந்தேன்.

"எடுக்காதீங்க பாய்."

"ஏலே, கிறுக்காடா ஒனக்கு? இந்தா கைக்கு எட்டுற தூரத்துல கெடக்கு."

"உங்க கைக்கு எட்டுது. என் கைக்கு எட்டல."

"அதுக்குத்தானடா எடுத்துத் தாரேன்."

"இன்னைக்கு எடுத்துத் தருவீக. அவ வந்து கேப்பா. நான் பொய் சொல்ல மாட்டேன். பாய் வந்து எடுத்துக் குடுத்தாருன்னுதேன் சொல்லணும். சொன்னா நாளையிலருந்து வீட்டுலயே உக்காந்துருவா."

"அங்க ஒரு மனுசன் அப்பனப் பறிகுடுத்துட்டு என் கடையில உக்காந்திருக்கான். நீ ரோசம் பாத்துக்கிட்டு இருக்க!"

"அவருக்கு நேரத்துக்குப் போஸ்டர் போகும் பாய். நான் பொறுப்பு. கீழ கெடக்குறத மட்டும் தொடாதீக."

கோபம் வந்தது. ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூட இருந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் ஒரு பட்டனை அழுத்தினால் அம்புக்குறி மேலே போகும், இன்னொன்றை அழுத்தினால் பக்கவாட்டில் நகரும். பெரியவரின் படத்தை இழுத்து நடுவில் நிறுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பெயரையும் விடாமல், பேரன் பேத்தி வரைக்கும் வரிசையாக அடுக்கினான். அவசரத்தில் செய்ததற்கான அடையாளம் எதுவும் அந்தப் போஸ்டரில் இல்லை. எழுத்துகளுக்கு நடுவில் அவன் வழக்கமாக விடும் இடம்கூட அப்படியே இருந்தது. நேராகக் கடைக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பவித்ரா கூப்பிட்டு, அடித்துக் கொடுத்துவிட்டோம், அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றாள்.

"இப்பவாச்சும் எடுக்கவா?"

"பொறுங்க பாய்."

ஜன்னலைத் தள்ளித் திறக்க அவன் ஒரு கம்பு வைத்திருப்பான். அதன் நுனியில் டபுள் சைடு டேப்பைப் பட்டையாகச் சுற்றினான். கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் ஒரு தடித்த கயிறு தொங்கும். அதைப் பிடித்துத்தான் அவன் புரண்டு படுப்பது. இடது கையால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஓரத்துக்குக் கொண்டுவந்து, வலது கையால் கம்பைக் கீழே விட்டான். டேப் மவுஸில் ஒட்டியது. பாதி தூக்கும்போது நழுவி விழுந்து இன்னும் உள்ளே உருண்டது. என் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். மறுபடி கம்பை விட்டுத் தரையோடு தரையாக இழுத்து வெளியே கொண்டுவந்தான். புதிதாக டேப் சுற்றினான். அழுத்தினான். தூக்கினான். மவுஸ் கம்பின் நுனியில் ஆடிக்கொண்டே மேலே வந்து அவன் மடியில் விழுந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதோடு விட்டானா? தலைமாட்டில் கனகாவின் தையல் டப்பா இருந்தது. அதிலிருந்து பாவாடை நாடாவை எடுத்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு மவுஸின் பேட்டரி மூடிக்குள் வைத்து இறுக மூடினான். மறு முனையை மேலே தொங்கும் கயிற்றில் முடிந்தான். மவுஸைக் கட்டிலுக்கு வெளியே தள்ளிப் பார்த்தான். அது தரைக்குப் போகாமல் அந்தரத்தில் தொங்கியது. நாடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டான்.

"ஒயர் இல்லாததுக்குன்னு கூடக் காசு குடுத்து வாங்கினேன். நீ நாடா கட்டி வச்சிருக்க" என்றேன்.

"அது ஒடம்புக்கு அடியில போச்சு. இது மேலருந்துல்ல வருது. ஒடம்புல படாது பாய்."

ஒயர் வேண்டும், வேண்டாம் என்று கடையில் நான் நடத்திய சண்டையை இவன் ஒரு பாவாடை நாடாவில் முடித்துவிட்டான். இப்படி ஒருவனோடு வேலை பார்ப்பது எனக்குப் பெருமை. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

சாயங்காலம் கனகா வந்தாள். வாசலில் என் வண்டியைப் பார்த்ததுமே அவள் முகம் விழுந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து முதலில் அவன் தொடையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"என்னாச்சு? பாய் அண்ணன எதுக்குக் கூப்பிட்டீக?"

"நான் கூப்பிடல. அவரா வந்தாரு, என்னைய வைய." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மவுஸ் விழுந்ததையும் மறைக்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நெசமாச் சொல்லுங்கண்ணே. நீங்கதானே எடுத்துக் குடுத்தீக?"

"எங்க எடுக்க விட்டான்மா ஒம் புருசன்? தொட்டா கைய ஒடிச்சிருப்பான்."

அவள் நாடாவில் தொங்கிய மவுஸைப் பார்த்தாள். தொட்டு ஆட்டிப் பார்த்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேலையை விட்டு நின்றுவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சேதுபதியும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இன்னைக்கு மத்தியானம் வார்டுல ஒரு பிள்ள என்னமோ சொல்லுச்சு. எல்லாருஞ் சிரிச்சோம். வயிறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்புறந்தேன் உங்க நெனப்பே வந்துச்சு. அதுவரைக்கும் வரவே இல்ல. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளான்னு..."

சேதுபதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அதுக்குத்தேன்டி இம்புட்டுப் பாடும். நாளைக்குச் சிரிச்சு முடிச்சப்புறமும் என் நெனப்பு வரவேணாம்."

கனகா அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, மறுநாள் டூட்டிக்கு வேண்டுமே என்று யூனிபார்ம் சேலையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள்.