தலையைத்தான் திருப்பினேன்

மாஸ்டர் ஒற்றைக் காலில் நிற்கிறார். தொடையில் பதிந்திருக்க வேண்டிய வலது பாதம் கெண்டைக்கால்வரை சறுக்கி வந்துவிட்டது. தலைக்கு மேல் குவிந்திருக்க வேண்டிய கைகளில் ஒன்றுதான் மேலே இருக்கிறது. மற்றதன் சுண்டுவிரல் சுவரில். யோகா டீச்சர் பார்த்துவிட்டால், "தொடலைங்க, சும்மா பக்கத்துல இருக்கு" என்பார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, வீட்டு நாற்காலியிலும் பல் டாக்டரின் வரவேற்பறையிலும்கூட அவருடைய வலது கால் தானாக எதையோ அழுத்திக்கொண்டிருக்கும். "பதறாதீங்க, நான் இருக்கேன்ல" என்ற அவர் வாக்கை நம்பித்தான் எங்கள் பகுதியில் பாதிப் பேர் முதன்முதலாகச் சாலைக்கு வந்தார்கள். ஐம்பத்தாறு வயதில் இடுப்பு குனிய மறுத்தது. மருத்துவர் யோகாவுக்கு அனுப்பினார். நாற்காலிக் கடைக்கு மேலே ஒரு மாடிக்கூடம், காலை ஆறு மணி வகுப்பு, பதினான்கு பாய்கள். நான் அவருக்குப் பின்வரிசை. நானும் கற்றுக்குட்டிதான்.

"கத்துக்கொடுக்கிறவன் கத்துக்கிறது பெரிய கொடுமைங்க" என்றார் முதல் வாரம். "ஸ்டீயரிங்கை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கிறாங்கன்னு எல்லாரையும் திட்டியிருக்கேன். இங்க வந்து என் பல்லு எப்படிக் கடிச்சுக்கிட்டு இருக்குன்னு பாருங்க."

அவருக்கு இடப்பக்கம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். பக்கத்துத் தெருப் பள்ளியில் எழுத்தர். நாற்பது வயதிருக்கும், கொஞ்சம் கனத்த உடம்பு. யாரோடும் பேச்சில்லை. படுக்குமுன் பாயின் ஓரத்தை உள்ளங்கையால் நீவி நீவிச் சரிசெய்வார். தான் அங்கே இருப்பது யாருக்கும் இடைஞ்சலாகிவிடக் கூடாது என்பதுபோல.

அவர் வந்த நான்காம் நாள், ஒரு புதன்கிழமை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றோடு அணைத்துப் பிடிக்கும் ஆசனம். பவனமுக்தாசனம் என்று பெயர். வயிற்றிலுள்ள காற்றை வெளியேற்றுவதே அதன் வேலை. அன்று அது தன் வேலையைச் செய்தது. கூடமே அமைதியாக இருந்த நேரம். சத்தம் நீளமாக, ஐயத்துக்கு இடமில்லாமல் வந்தது.

மாஸ்டர் மெல்லத் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான். எல்லோருடைய கண்களும் அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போய் நின்றன. கூடம் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களில் நானும் உண்டு. கொஞ்சம் பலமாகவே சிரித்தேன். அந்தப் பெண் முழங்கால்களைக் கட்டிப் பிடித்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

வியாழன் அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் கடைசிப் பத்து நிமிடம் டீச்சர் தத்துவம் சொல்வார். முன்பு வங்கியில் வேலை பார்த்தவர். எதையும் கவுன்ட்டரில் விளக்குவதுபோல நிதானமாகச் சொல்வார். "யோகத்துல எட்டுப் படி இருக்கு. ஆசனம் மூணாவது படி. நாம எல்லாரும் முதல் ரெண்டையும் தாண்டிக் குதிச்சு வந்திருக்கோம்." எல்லோரும் சிரித்தோம். "முதல் படி யமம். அதுல அகிம்சை, அடுத்தது சத்தியம். பொய் பேசாம இருந்தா போதும்னு நினைக்கிறோம். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல முடியும், தெரியுமா?"

மாஸ்டரின் பிடரியில் வியர்வை வழிவதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலேதான் சுழன்றுகொண்டிருந்தது.

மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு அது நான்தான்" என்றார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க. தலையைத்தான் திருப்பினேன். அது எப்படித் திரும்புச்சுன்னே தெரியல."

வீட்டில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு, "அப்புறம் அந்தப் பொண்ணு?" என்று கேட்டாராம். வரவில்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க மானத்தைக் காப்பாத்த அவ மானம்தான் கிடைச்சுதா?" என்றாராம்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகணும். துணைக்கு வர்றீங்களா?" என்றார். சிரித்த வாயால் மறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பள்ளி அலுவலக ஜன்னலில் பெற்றோர் வரிசை. மாஸ்டர் அதில் நின்றார், நான் பக்கத்தில். நூற்றுக்கணக்கானவர்களை நெரிசலில் ஓட்டவைத்த மனிதரின் குரல் ஜன்னல் கம்பியைத் தாண்டவில்லை.

"அன்னிக்கு யோகாவுல... அது நான்தாங்க."

எழுத்தர் பேனாவை மூடினார். "தெரியும். பக்கத்துல படுத்திருந்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வரல?"

"சத்தம் யாருக்கு வேணும்னாலும் வரும் சார். அதுக்கா நான் நின்னேன்? நீங்க திரும்பிப் பாத்தீங்களே, அதுக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தி, என்னையும் ஒருமுறை பார்த்தார். "இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நான் சிரிக்கலையே."

செவ்வாய் காலை, எல்லோரும் படுக்கப்போகும் நேரத்தில் மாஸ்டர் எழுந்து நின்றார். பாயின் நடுவில், இரண்டு கால்களும் சேர்த்து. அவ்வளவு நேராக அவர் தாடாசனத்தில்கூட நின்றதில்லை. "போன புதன்கிழமை வந்த சத்தம் என்னோடது. அந்தம்மாவைப் பாத்து உங்களை எல்லாம் நம்பவெச்சேன்." ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "இதுக்கா எழுந்தீங்க? விடுங்க சார்" என்றார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிக்க ஆளில்லை. டீச்சர் மட்டும், "மூச்சை இழுத்து மெதுவா விடுங்க" என்றார். அது மாஸ்டருக்கா எங்கள் எல்லோருக்குமா என்று தெரியவில்லை.

வகுப்பு முடிந்து, பள்ளி திறந்ததும் மறுபடி அதே ஜன்னல், அதே வரிசை.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க."

எழுத்தர் ஒரு விண்ணப்பத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சரி" என்றார். பிறகு, "அடுத்து."

அவ்வளவுதான். மாஸ்டர் விலகி வந்தார். வாசல்வரை என்னோடு நடந்தவர், சட்டென்று நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"ரெண்டு தடவை வந்தேன். மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேனா நான்?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒரு வார்த்தைதானே, ஜன்னல் பக்கமா போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க" என்றேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். ஜன்னலில் இப்போது பதினோரு பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொருவரையும் தாண்டி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.