குடம் வைத்துப் பிடித்த வழி

நான் எட்டாவதைத் தாண்டாதவன். ஆனால் கொரட்டூரில் எங்கள் தெருவின் முதல் மாடி வீடு என்னுடையது. லேத் பட்டறை வைத்துச் சம்பாதித்துக் கட்டியது. ரயில் நிலையத்தை ஒட்டிய காலி மனையைப் பூங்காவாக்க மாநகராட்சியில் தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றதும், முன்னால் நிற்க என்னை விட்டால் வேறு யார்?

முதல் கூட்டத்தை வேலை நாளில் காலையில் வைத்தார்கள். நானும் பென்ஷன்காரர்கள் சிலரும்தான் போனோம்.

"இதெல்லாம் கூட்டமாம்மா? ஞாயித்துக்கெழம தண்ணி லாரி வர்ற நேரத்துக்கு வா. தெருவே வெளிய நிக்கும்" என்று கூட்டம் நடத்த வந்த பொறியாளர் பெண்ணிடம் சொன்னேன். வந்தார்.

மனையைச் சுற்றி முழு மதில் வேண்டும் என்பது என் கட்சி. குடிகாரர்கள் அங்கே பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். ஆனால் மதில் வந்தால் ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்கு வழி அடைபடும்; சுரங்கப்பாதை வழியாகத்தான் சுற்ற வேண்டும். கை தூக்கச் சொன்னால் பெண்கள் புருஷன் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் தண்ணீர் வரிசையில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதனால் நான்தான் யோசனை சொன்னேன்: வீட்டுக்கு ஒரு குடம். மதிலுக்கு வேப்பமரத்தடி, வழிக்கு விளக்குக் கம்பம்.

திரும்பிப் பார்க்கிறேன், எங்கள் வீட்டுப் பச்சைக் குடம் கம்பத்தடியில்.

"இன்னாம்மே, நம்ம ஊட்டுக் குடம் அங்க கீது?"

"நீ வண்டில சுத்திகினு போவ. மருமவ ஷிப்டு முடிச்சி நடந்துல்ல வர்றா? மழை பேஞ்சா சுரங்கப்பாதைல நீந்தியா வருவா?" என்றாள் என் மனைவி.

"அண்ணாத்தே, உன் ஊட்டு ஓட்டே உனக்கு உழல!" பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான். அதற்குள் கம்பத்தடியில் குடங்கள் நெருக்கியடித்து நின்றன.

எங்கள் குடம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. யோசனை என்னுடையது.

"ரெண்டையும் எழுதி அனுப்புறேங்கய்யா. மேல முடிவு பண்ணுவாங்க" என்றார் பொறியாளர்.

"இங்கயே முடிஞ்சிபோச்சும்மா. நடுவுல வழி, வழிக்கு வெளக்கு. இப்பவே வரை. அதுவரைக்கும் ஒரு குடமும் நகராது" என்றேன் நான்.

லாரி வந்து ஹாரன் அடித்தது. ஒருவரும் குடத்தை எடுக்கவில்லை. என் ஸ்கூட்டர் சீட்டில் வரைபடத்தை விரித்து, மதிலை இரண்டாக வெட்டி அவர் வழி போட்ட பிறகுதான் தண்ணீர் பிடித்தோம்.

இப்போது மதில் எழும்புகிறது, நடுவில் வழியோடு. பைக் நுழையாமலிருக்க இரும்புத் தடுப்பு என் பட்டறையில் தயாராகிறது. எனக்கு எதிராக ஒரு தெருவையே திரட்ட என் ஒருவனால்தான் முடியும்.