காற்று படக் கூடாத கரு

என் மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. நான் நாலு பெற்றவள், ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. அந்தப் பெருமையோடுதான் பாண்டிச்சேரிக்கு அவள் கூடப் போனேன். அங்கே கருவை வெளியில் உண்டாக்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்த்தார்கள்.

டாக்டரம்மா டி.வி.யில் காட்டினார். இரண்டு கரு. ஒன்று வளராமல் நின்றுவிட்டது.

“ஏம்மா இப்படி?”

“பல காரணம் இருக்குங்கம்மா. கர்ப்பப்பைக்குள்ள காத்து கம்மி. நம்ம மூச்சு விடுற காத்து இந்தச் சின்ன உயிருக்கு அதிகம். அதிகமானா இரும்பு துரு புடிக்கிற மாதிரி உள்ளேயே கெட்டுப்போயிடும். அதனாலதான் பெட்டியில காத்தைக் குறைச்சு வெச்சிருக்கோம்.”

எனக்கு எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கம் ஞாபகம் வந்தது. துருவை விடுங்கள், அங்கே வெட்டிக் குவித்த கரி, யாரும் தீ வைக்காமலேயே காற்றுப் பட்டுப் புகையும். என் வீட்டுக்காரர் மைன்ஸில் அந்தக் குவியலுக்குத் தண்ணீர் அடித்தவர்.

“பெட்டியிலேர்ந்து எடுக்கச் சொல்லோ காத்துப் படுமே?”

“கொஞ்ச நேரந்தான். ஒண்ணும் ஆகாது.”

மிச்சமிருந்த அந்த ஒன்றை அவள் வயிற்றில் வைத்து அனுப்பினார்கள். அதுவும் போனால், கரு உண்டாக்க மறுபடி முதலிலிருந்து ஊசி போட்டுக்கொள்ள அவள் உடம்பில் தெம்பு இல்லை. மருமகனுக்கு மைன்ஸில் கொடுத்த குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் ஜன்னல்களைச் சாத்தி, ஈரச் சேலையைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தினேன். சித்திரை வெயில்.

“எம்மா, என்னை வேக வெக்கப் போறியா?”

“காத்து ஆவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லடி.”

“அது பெட்டியில இருக்கச் சொல்லோ. நான் மூச்சு வுடாம இருக்கவா?”

நான் கேட்கவில்லை. மத்தியானம் எழுந்தவள் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்நேரம் ஷிப்ட் முடிந்து வந்த மருமகன் கதவையெல்லாம் திறந்துவிட்டார்.

“இன்னாத்தே, கரிக் குவியல்னு நெனச்சிக்கினீங்களா இவளை?”

போனில் டாக்டரம்மாவைக் கேட்டார். காற்றோட்டமாக இருக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், சூடும் சிகரெட் புகையும்தான் ஆகாது என்றாராம். சிகரெட் என்றதும் மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். காற்றுக்குப் பயந்தவள் இப்போது சூட்டுக்குப் பயந்தேன். அவள் முகம் சுளித்தால் போதும், கருகிப்போச்சோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. கரு தங்கியிருக்கிறதாம். மகள் அழுதாள். மருமகன் வாசல் பக்கம் போய்விட்டார். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம்தான் வந்தது. போனை வாங்கிக்கொண்டேன்.

“டாக்டரம்மா, உள்ள அதுக்குக் காத்துப் பத்துமா?”

அவர் சிரித்தார். “வளர வளர அதுக்கு வேண்டியதை அம்மா ரத்தத்துலேர்ந்து எடுத்துக்கும். நீங்க அவங்களை மூச்சு விட விட்டா போதும்.”

சரிங்க என்று போனை வைத்தேன். அன்று பொழுதெல்லாம் அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.