கொல்லைப்புறத்து டெக்

என் மனைவிக்குச் சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகியும் அவள் கொல்லைப்பக்கம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் முழுக்கக் கடல் மணல். ஒரு தடவை சக்கர நாற்காலியை இறக்கிப் பார்த்தேன். இரண்டடி போவதற்குள் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. அவளை உட்கார வைத்தபடியே அதைத் திரும்ப வாசற்படியில் ஏற்றியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது. அதன்பிறகு அவள் அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து அங்கிருந்தே தோட்டத்தை நடத்தினாள். நடத்தினாள் என்பது ஒரு பேச்சுக்கு. வேலைக்காரன் நான்.

தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன் போட்டு வளர்க்கத் தெரியாத பெண்கள் குறைவு. அவள் அதில் கைராசிக்காரி. நானோ முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி இங்கே வந்தவன். ஓய்வு பெறும்வரை பஸ் கண்டக்டர். எனக்குச் செடி என்றால் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

“அந்த ஓரத்துல கிடக்கிறத எடுத்துப் போடுங்க” என்று ஜன்னலிலிருந்து சத்தம் வரும். எந்த ஓரம்? அவளுக்கு ஓரமா, எனக்கு ஓரமா? கேட்டால் எரிச்சல்படுவாள் என்று பயந்து நானாக ஒரு ஓரத்தை முடிவு செய்துகொள்வேன். ஒரு நாள் கோரைப்புல் என்று நினைத்து அரை மணி நேரம் குனிந்து பிடுங்கினேன். அத்தனையும் அவள் முன்பு ஊன்றிவைத்த சின்ன வெங்காயம். அவள் திட்டவில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டாள். திட்டியிருந்தால் நிலைமை எனக்குத் தெளிவாக இருந்திருக்கும்.

மல்லிகை ஒவ்வொரு தூராகக் காய்ந்துகொண்டு வந்தது. அவளும் ஜன்னலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். செடி போனால் போகட்டும், இவள் இப்படியே வீட்டுக்குள் ஒடுங்கிப்போவாளோ என்றுதான் எனக்குப் பயம். எப்படியாவது அவளை அந்தச் செடிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த யோசனையும் இல்லை.

தோஹாவில் இருக்கும் மகளிடம் புலம்பினேன். “டெக் போடுங்கய்யா, அம்மா சேர் ஓடும்ல” என்று ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒருவர் வீட்டுப் பின்வாசலிலிருந்து செடிகள் வரைக்கும் மரப்பலகை பாவியிருந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரம். எனக்கு அது பிடித்துப்போயிற்று.

என் மனைவிக்குத் தம்பி முறையில் ஒருவன் விசைப்படகு கட்டும் ஆசாரி. அவனிடம் போய், கொல்லையில் ஒரு டெக் போட வேண்டும் என்றேன். படத்தை நீட்டினேன். வெயிலில் அவனுக்கு என்ன தெரிந்ததோ, ஒரு பார்வைதான் பார்த்தான்.

“நம்ம போடாத டெக்கா? தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போகட்டும், வாரேன் மச்சான்” என்றான்.

சொன்னபடி ஆனியில் வந்தான். பலகை இழைக்கும் சத்தம் பத்து நாள் வீட்டை நிறைத்தது. நானும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கால்கள் நட்டு அதன்மேல் சட்டம் போட்டபோது நடுப்பக்கம் உயரமாகவும் இரண்டு பக்கமும் தாழ்வாகவும் தெரிந்தது. கேட்டேன். “அப்பத்தான் தண்ணி நிக்காது” என்றான். எங்கள் ஊரில் மழை வருவதே விசேஷம். ஆனாலும் தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று தலையாட்டினேன். பலகை இடுக்கில் தண்ணீர் இறங்காதபடி பஞ்சை அடித்து இறுக்கினான். அதற்கும் தலையாட்டினேன். நடுவில் ஒரு ஆள் இறங்குகிற அளவுக்குச் சதுரமாக வெட்டி, அதற்கு ஒரு மூடியும் செய்தான்.

“இது எதுக்குப்பா?”

“மூடி இல்லாத டெக்கு ஏது மச்சான்?” என்று என்னையே திருப்பிக் கேட்டான். மூடிக்கும் தலையாட்டினேன்.

வேலை முடிந்த காலையில் மனைவியை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்தேன். வாசற்படி தாண்டியதும் நாற்காலி தானாக இடது பக்கம் ஓடியது. இழுத்துப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் வலதுபக்கம் ஒதுங்கியதும் அந்தப் பக்கம் ஓடியது. நான் செருப்பைக் கழற்றி ஒரு சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். ஆமை முதுகில் நாற்காலி போட்டது மாதிரி இருந்தது.

“ஏலே, டெக்குன்னா சமமா இருக்க வேண்டாமாடா?” என்று கத்தினேன்.

அவன் நிதானமாக உளியைத் துடைத்தான். “சமமா இருந்தா தண்ணி நின்னு பலகை உளுத்துப்போகும். நீங்க டெக்குன்னுதான சொன்னீக? தரைன்னு சொல்லியிருந்தா தரை போட்டுருப்பேன்.”

அவனுக்கு டெக் என்றால் படகின் மேல்தளம். கடலில் மிதக்கத்தான் ஒரு வீட்டுக்காரன் தளம் கேட்டானா என்று அவனும் யோசிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஒரு தப்பும் எனக்கு அகப்படவில்லை. மகள் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி, அவன் செய்ததும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் நாற்காலி மட்டும் ஏன் நிற்கவில்லை என்று குழம்பிப்போய் நின்றேன். பத்து நாளாகத் தலையாட்டிய என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

அவன் சாமான்களை அள்ளிக்கொண்டு போனதும் மனைவி சொன்னாள், “நாற்காலியப் பிடிச்சுக்கிருங்க.”

பிடித்தேன். அவள் கையை ஊன்றிப் பலகையில் இறங்கி உட்கார்ந்தாள். நான் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். “என்னைய விடுங்க” என்றாள். இரண்டு கையையும் ஊன்றி, இடது காலை மடக்கி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு பலகையாக நகர்ந்து போனாள். அந்த நகர்தலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. நாளும் செய்து பழகியவள் போல இருந்தது.

“இது எப்பத்திலருந்து?” என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “நீங்க கடைக்குப் போனா இப்படித்தான் வீட்டுக்குள்ள போறேன், வாரேன். மணல்லகூட ரெண்டு தடவ இறங்கிட்டேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லி? மொத நாள் ஆஸ்பத்திரியில நான் இப்படி நகந்ததப் பாத்து உங்க மூஞ்சி செத்துப்போச்சு. அத மறுபடி பாக்க எனக்கு ஏலல. அதான் நீங்க வீட்டுல இருக்கறப்ப சேர்லயே உக்காந்துக்கிறது.”

ஆஸ்பத்திரியில் அவள் நகர்ந்ததே எனக்கு நினைவில்லை. என் முகம் என்ன ஆனது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாலு மாதம் அவளை அடைத்துப் போட்டது மணல் என்றே நம்பி, ஆள் பிடித்து, மரம் வாங்கி, பலகை பாவியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இப்போது என் முகம் எப்படி இருக்கிறதோ என்ற பயத்தில் அதையும் அடக்கினேன்.

அவள் ஓரத்துக்குப் போய்விட்டாள். சரிவு அங்கே தாழ்ந்திருந்ததால் குனியாமலே அவள் கைக்கு மண் எட்டியது. காய்ந்த ஒரு கிளையை ஒடித்து முகர்ந்து பார்த்தாள்.

“உசுரு இருக்கு. தண்ணி எடுத்துட்டு வாங்க” என்றாள்.

செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்தேன். அவள் தரையோடு இருக்க, நான் உயரத்தில் நின்று ஊற்றுவது சரியாகப் படவில்லை. உட்கார்ந்தேன். செம்பை முன்னால் தள்ளிவிட்டு, அவள் போன மாதிரியே கையை ஊன்றி நகர்ந்து பார்த்தேன். மூன்று பலகை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

அவள் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கைய இன்னுங் கொஞ்சம் அகட்டி ஊணுங்க” என்றாள்.