நான் காட்டிய செடி

கந்தப்பளையில் எங்கள் மலையில் ஒரு தேயிலைச் செடி மட்டும் தைப்பனியிலும் கருகாமல் துளிர்க்கும். தினமும் விளைச்சல் பெருக "பொலியோ பொலி" சொல்லி அதில்தான் முதல் கொழுந்தைக் கிள்ளுவேன். ஆராய்ச்சிக்கு வந்த தொரை நல்ல செடி எதுவென்று கேட்டபோது, பெருமை தலைக்கேறி அதைக் காட்டித் தொலைத்தேன். அதன் கிளைகளை வெட்டிப் புது மலை முழுக்க நட்டார்கள். சில வருடங்களில் அங்கே கொழுந்து குவிந்தது. உடனே, கிழட்டுச் செடிகள் நின்ற பழைய மலையில் பறித்த எங்களுக்கும் சேர்த்து, முழுநாள் சம்பளத்துக்கான எடையைக் கூட்டிவிட்டார்கள். பக்கத்து நிரையில் பறித்த அக்காவுக்குத் தினமும் அரைச் சம்பளந்தான்.

"அந்தச் செடியக் காட்டுனவ கை வெளங்காமப் போகணும்டி" என்று என்னிடமே அழுதாள்.

அந்தக் கையால்தான் என் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டேன். அப்போதும் எடை எட்டவில்லை.